தகட்டுக்காரர் சொன்ன அளவு

நாலடி மீனை மூன்றடி என்று சொல்லும் மீன்காரர் ஒருவரைத்தான் நான் பார்த்திருக்கிறேன். மற்றவர்கள் பிடித்த மீனைக் கையால் அளந்து காட்டும்போது இரண்டு கைகளுக்கும் நடுவில் உள்ள தூரம் சொல்லச் சொல்ல விரிந்துகொண்டே போகும். இவர் காட்டும்போது கைகள் நெருங்கி வரும். மீன் காலடியில் கிடந்து வாலால் தரையை அடித்துக்கொண்டிருக்கும். அதைப் பார்த்துக்கொண்டே, "கெடக்கு, ஒரு நேர வெஞ்சனத்துக்கு ஆகும்" என்பார். அந்த மீனைத் தூக்க இரண்டு ஆள் வேண்டும்.

அப்போது நான் மீன் இலாகாவில் புதிதாகச் சேர்ந்திருந்தேன். எங்கள் ஊர் சாணார்பட்டிப் பக்கம். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்துக்குப் போன முதல் ஆள் நான்தான். எஸ்.எஸ்.எல்.சி. முடித்ததும் வேலைக்கு எழுதிப் போட்டேன். திண்டுக்கல்லுக்கு மேற்கே மலையடிவாரத்தில் புதிதாகக் கட்டிய அணையில் கொண்டுபோய்ப் போட்டார்கள். அணை நிரம்பி நாலைந்து வருடம் ஆகியிருந்தது. வடக்கே இருந்து ரயிலில் தகர டப்பாக்களில் வரும் கெண்டைக் குஞ்சுகளைக் கொண்டுவந்து அந்தத் தண்ணீரில் விட வேண்டும். விட்ட குஞ்சுகளை வாளை மீன் தின்றுவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். முதல் வேலை சுலபம். இரண்டாவது வேலைக்கு முடிவே கிடையாது. வாளையின் வாய் அதன் உடம்புக்கு ஒவ்வாத அகலம். ஒன்றின் வயிற்றைக் கீறிப் பார்த்தால் நாங்கள் போன வாரம் விட்ட குஞ்சுகள் பதினைந்து இருபது உள்ளே கிடக்கும். வலை போட்டும் பார்த்தாயிற்று. அணைக்குள் மூழ்கிய புளியமரங்களின் கிளைகளில் மாட்டி வலை கிழிந்ததுதான் மிச்சம். அதனால் வாளையைத் தூண்டிலில் பிடிக்கத் தினக்கூலிக்கு ஒருவரை வைத்திருந்தார்கள். அவர்தான் இவர்.

பெயரை நான் எழுதப் போவதில்லை. அந்த அணைக்கரை ஊரிலும் அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. தகட்டுக்காரர் என்றால்தான் தெரியும். திண்டுக்கல் பூட்டுப் பட்டறைகளில் வெட்டி மிச்சமாகும் பித்தளைத் தகட்டை வாங்கி வந்து, ஒரு விரல் நீளத்துக்கு இலை மாதிரி தட்டி, அதன் வாலில் தூண்டில் முள்ளை மாட்டியிருப்பார். புழு, தவளை எதுவும் கிடையாது. அந்தத் தகட்டை நூற்றைம்பது அடி நூலில் பரிசலுக்குப் பின்னால் விட்டுவிட்டுத் துடுப்புப் போட்டுக்கொண்டே போவார். இழுபடும் தகடு தண்ணீருக்குள் மினுங்கிப் புரளும். ஏதோ குஞ்சு தப்பி ஓடுகிறது என்று வாளை பாயும். பரிசல் நின்றால் தகடு அடியில் இறங்கி மரத்தில் மாட்டும். வேகமாகப் போனால் மேலே வந்துவிடும். நடக்கிற நடையைவிட மெதுவாக, ஆனால் நிற்காமல் போய்க்கொண்டே இருக்க வேண்டும். இரண்டு கைக்கும் துடுப்பு வேலை இருப்பதால் நூலின் நுனியை வலது காலின் கட்டைவிரலில், நுனியைக் கையால் இழுத்தால் கழன்றுகொள்ளும் முடிச்சாகச் சுற்றியிருப்பார். தண்ணீருக்குள் நடப்பதையெல்லாம் அந்த விரல்தான் அவருக்குச் சொல்லும்.

அவரோடு நான் முதன்முதலாகப் பரிசலில் போனது ஒரு மார்கழிக் காலையில். ஏறுவதற்கு முன்னால் அணைத் தண்ணீரை விரலால் தொட்டு நெற்றியிலும் நெஞ்சிலும் தோளிலும் சிலுவை போட்டுக்கொண்டார். பிறகு நடு அணையில் நீர்க்காகங்கள் முங்கி முங்கி எழுந்த இடத்தைப் பார்த்தார்.

"அந்தா, குஞ்சு மேயுது. அடியில ஒண்ணு ரெண்டு நிக்கும், வாங்க."

செத்த நேரம் போயிருக்கும். அவருடைய வலது கால் திடீரென்று நீண்டது. பரிசல் ஒரு சுற்றுச் சுற்றியது. பிறகு, துடுப்புப் போடாமலே, பின்பக்கமாக நகர ஆரம்பித்தது.

"என்னண்ணே?"

"ஒண்ணுமில்ல தம்பி. என்னமோ தொடுது."

"தொடுதா? பரிசலே பின்னால போகுதுண்ணே!"

"லேசா இழுக்குது. சின்னதாத்தான் இருக்கும். நீங்க அந்த வெளிம்பைப் புடிச்சுக்கிட்டு உக்காருங்க. நீச்சல் தெரியுமில்ல?"

"தெரியாது."

"அதுவும் நல்லதுதான். குதிக்க மாட்டீக."

கால் மணி நேரம் அந்த மீன் எங்களை அணை முழுக்க இழுத்துக்கொண்டு திரிந்தது. கரைக்கு வந்து நான் டேப்பை வைத்து அளந்தேன். நாலடிக்கு ஓர் அங்குலம் குறைவு.

"மூணடின்னு போட்டுக்கோங்க" என்றார்.

"டேப்புல நாலடி கிட்ட இருக்குண்ணே."

குனிந்து டேப்பைப் பார்த்தார். அவருக்கு எண்களைப் படிக்கத் தெரியாது. இருந்தாலும் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்துவிட்டு, "டேப்பு புதுசோ? நாலு தரம் நனைஞ்சா சரியாயிரும்" என்றார்.

நான் நாலடி என்றே எழுதினேன். நோட்டை ஏதோ தப்புக் காரியத்தைப் பார்ப்பது போல் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அணை முக்கில் டீக்கடை வைத்திருந்தவருக்கு இவரைக் கேலி செய்யாமல் பொழுது விடியாது. "தகட்டுக்காரரு பாவசங்கீர்த்தனத்துக்குப் போனா சாமியாருக்கு என்ன செரமம் தெரியுமா சார்? இவரு ஒரு பாவத்தைச் சொன்னா, அதை மூணால பெருக்கிப் பாத்துத்தான் அபராதம் விதிக்கணும். அதனாலதான் இவரு கடைசி ஆளாப் போவாரு. சாமியாரு உள்ள உக்காந்து கணக்குப் போடணுமில்ல."

அவர் டீயை ஊதிக்கொண்டே, "நம்மகிட்ட என்னத்தப் பெரிய பாவம் இருக்கப் போகுது" என்றார்.

"பாத்தீகளா, இதையும் கொறைக்குறாரு!"

அவர் போன பிறகு அதே டீக்கடைக்காரர் இன்னொன்று சொன்னார். அப்போது அவர் சிரிக்கவில்லை. அணை கட்டிக்கொண்டிருந்த சமயம். ஒரு நாள் விடியக்காலம் தகட்டுக்காரர் கடைக்கு வந்து, "பெஞ்சை ஒரு நாளைக்குத் தாங்க, வீட்டுல கொஞ்சம் முடியாமக் கெடக்கு" என்றாராம்.

"சரி, நோவாளியைப் படுக்க வைக்கத்தான் கேக்குறாருன்னு நானும் என் மச்சினனும் பெஞ்சைத் தூக்கிட்டுப் போறோம். இவரு முன்னால நடக்காரு. மழை வருமா, வராதான்னு பேசிக்கிட்டே வர்றாரு. வாசல்ல மக நின்னு அழுகுது. அப்ப அதுக்குப் பதினாலு வயசு இருக்கும். உள்ள போயிப் பாத்தா, அவரு வீட்டம்மா உசுரு போயி ரொம்ப நேரமாச்சு சார். கை சில்லுனு இருக்கு. ஏன்யா சொல்லலைன்னு கேட்டேன். 'சொன்னா நீங்க பதறுவீக. பெஞ்சைத் தூக்கிட்டு வர வேண்டியிருக்குல்ல'ன்னாரு."

தகட்டுக்காரர் பொய் சொல்கிறவர் அல்ல. இலாகாவின் ஒரு முள்ளைக்கூடச் சொந்த வேலைக்கு எடுத்ததில்லை. ஆனால் எந்த விஷயமும் அவர் வாயிலிருந்து வெளியே வரும்போது பாதியாகச் சுருங்கித்தான் வந்தது. தன்னுடைய எதுவும் அடுத்தவர் தலையில் கனமாக இறங்கிவிடக் கூடாது என்ற பயம் அவருக்கு இருந்ததாக இப்போது நினைக்கிறேன். அப்போது அப்படியெல்லாம் யோசிக்கவில்லை. அவர் சொல்வதைக் கூட்டிப் புரிந்துகொள்ளத் தெரிந்துகொண்டேன், அவ்வளவுதான். அதில் எனக்குப் பெருமையும் இருந்தது.

ஒரு தடவை அந்தப் பெருமை அவருக்கு உதவவும் செய்தது. பெரிய அதிகாரி ஒருவர் ஜீப்பில் அணையைப் பார்க்க வந்தார். தகட்டுக்காரரைக் கூப்பிட்டு, "இந்தத் தண்ணியில வாளை எவ்வளவு இருக்கும்?" என்று கேட்டார்.

"இருக்குங்க ஐயா. ஒண்ணு ரெண்டு."

"ஒண்ணு ரெண்டுதானா?"

"மொத்தமா அம்புட்டுத்தானுங்க."

அதிகாரி திரும்பிப் பார்த்தார். கூட வந்த குமாஸ்தா எழுதிக்கொண்டார். வாளை இல்லாத அணையில் வாளை பிடிக்க ஆள் எதற்கு என்று அடுத்த வாரமே உத்தரவு வரும் என்பது எனக்குப் புரிந்தது. ஜீப் கிளம்பிவிட்டது. நான் பின்னாலேயே ஓடி மதகு கிட்டே போய் நிறுத்தினேன். "ஐயா, மன்னிக்கணும். அவர் ஒண்ணு ரெண்டுன்னா நூறு இருநூறுன்னு அர்த்தம். எதையுமே குறைச்சுத்தான் சொல்வார். நோட்டைப் பாருங்க" என்று மூச்சு வாங்கச் சொன்னேன். அதிகாரி நோட்டைப் புரட்டினார். பிறகு ஜீப்புக்குள் இருந்தே சத்தமாகச் சிரித்தார். "குறைச்சுச் சொல்ற மீன்காரனா? பத்திரமா வச்சுக்கப்பா" என்று சொல்லிவிட்டு, குமாஸ்தாவிடம் எழுதியதை அடிக்கச் சொன்னார்.

திரும்பி வந்து, "இன்னைக்கு உங்க வேலையே போயிருக்கும்ணே" என்றேன்.

"போயிருக்காது தம்பி. போனாலும் பெருசா என்ன..."

"பெருசா என்னவா? எங்கே போவீங்க?"

அவர் தகட்டை எடுத்து மணலில் தேய்க்க ஆரம்பித்தார்.

அவருடைய பேச்சை என்னைவிட நன்றாகப் படிக்கத் தெரிந்தவள் ஒருத்தி இருந்தாள். அவருடைய மகள். ஒட்டன்சத்திரத்துக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமத்தில் கட்டிக்கொடுத்திருந்தார். ஒரு முறை மாதா கோயில் திருவிழாவுக்கு வந்தவள், பரிசலிலிருந்து இறங்கிய அவர் நெற்றியில் கையை வைத்துப் பார்த்தாள்.

"காய்ச்சல் எம்புட்டு நாளா?"

"நேத்திருந்து தாயி. லேசா."

"அப்ப ஒரு வாரமா இருக்கு. சட்டையைப் போடுப்பா, டாக்டர்ட்டப் போவோம்."

"திருவிழா முடியட்டுமே."

"நீ முடிஞ்சு போயிருவே. போடு சட்டையை."

நான் எத்தனையோ தடவை கெஞ்சியும் ஆஸ்பத்திரிப் பக்கம் வராத மனிதர், மறுபேச்சில்லாமல் சட்டையை மாட்டிக்கொண்டு அவள் பின்னால் போனார். ஒருவேளை அவர் முகத்தில் அப்போது தெரிந்தது சந்தோஷமாகக்கூட இருக்கலாம்.

அதற்கடுத்த வருடம் இலாகாவிலிருந்து நைலான் நரம்பு வந்தது. பருத்தி நூலைவிட மெல்லிசு, ஆனால் எவ்வளவு இழுத்தாலும் அறாது. "நல்லாத்தான் இருக்கு, தண்ணிக்குள்ள வழுக்கிட்டுப் போகுது" என்றார். விரலில் கொஞ்சம் பழந்துணியைச் சுற்றி, அதன் மேல் நரம்பைச் சுற்றிக்கொண்டார்.

ஐப்பசியில் ஒரு நாள் காலை. நான் கரையில் தொட்டியைக் கழுவிக்கொண்டிருந்தேன். பரிசல் வழக்கத்தைவிட மெதுவாக வந்தது. உள்ளே பெரிய வாளை ஒன்று கிடந்தது. பரிசலின் அடியெல்லாம் ரத்தம்.

"மீன் ரத்தம்" என்றார், நான் கேட்பதற்கு முன்பே.

பிறகுதான் காலைப் பார்த்தேன். மீன் தண்ணீருக்குள் மரத்தைச் சுற்றிக்கொண்டதில் முடிச்சு கழலாமல் இறுகி, நரம்பு துணியையும் அறுத்துக்கொண்டு கட்டைவிரலின் எலும்புவரை இறங்கியிருந்தது.

"ஐயையோ, விரலுண்ணே!"

"கீறிருச்சு."

மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்து அப்பிக் கட்டிக்கொண்டார். மறுநாள் விடிந்து நான் போவதற்குள் பரிசலில் ஏறிவிட்டார். நரம்பு இடது கால் விரலுக்கு மாறியிருந்தது.

நாலாம் நாள் நொண்டி நொண்டி வந்தார். கேட்டதற்கு, "செருப்புக் கடிச்சிருக்கு" என்றார். அவர் செருப்புப் போட்டு அதுவரை யாரும் பார்த்ததில்லை.

"அண்ணே, டவுன் ஆஸ்பத்திரிக்குப் போவோம். நான் கூட வாரேன்."

"போவோம். புதுக் குஞ்சு வருதுன்னீகளே, அதை விட்டு முடிச்சுட்டுப் போவோம்."

டீக்கடைக்காரரிடம் போய்ச் சொன்னேன். அவர் அடுப்பைவிட்டு வெளியே வந்தார். "நாம சொன்னா நகர மாட்டாரு சார். மக வந்து நின்னாத்தான் கெளம்புவாரு. ஒரு கார்டு போட்டு வரச் சொல்லுங்க. எழுதத் தெரிஞ்சவக நீங்கதானே இருக்கீக."

அதுதான் சரி என்று எனக்கும் பட்டது. அன்று சாயங்காலமே ஒரு தபால் கார்டை எடுத்துக்கொண்டு அவர் குடிசைக்குப் போனேன். வாசலில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். கணுக்கால் வரை வீங்கியிருந்தது. கட்டுத் துணியிலிருந்து ஒரு நாற்றம் வந்தது.

"மகளுக்கு ஒரு கார்டு எழுதுவோம்ணே. நீங்க சொல்லுங்க, நான் எழுதுறேன்."

கொஞ்சம் யோசித்தார். வேண்டாம் என்று சொல்லவில்லை.

"எழுதுங்க. நான் நல்லாருக்கேன். நீ, மாப்ள, பிள்ளை எல்லாம் சொகமா. மாடு கன்னு போட்டுருச்சா. எனக்குக் கால்ல சின்னதா ஒரு கீறலு. அதுக்காக நீ வர வேணாம்." நிறுத்தினார். "அங்கிட்டு மழை உண்டுமான்னு கேளுங்க. கடலைக்கு நல்லது... நீ வர வேணாம்னு எழுதுங்க."

"எழுதிட்டேண்ணே."

"பிள்ளைக்கு இந்நேரம் பல்லு மொளைச்சிருக்கும்." அணையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் பேனாவைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தேன். "கைப்பிள்ளையைத் தூக்கிட்டு பஸ்ஸுல வர்றது செரமம். வர வேணாம்."

கார்டில் இடம் கொஞ்சம்தான். அதோடு, கூறியது கூறல் குற்றம் என்று பள்ளிக்கூடத்தில் எனக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். அவர் அங்கும் இங்குமாகச் சொன்னதையெல்லாம் ஒழுங்குபடுத்தி, பிழையில்லாத ஆறு வரிகளாக எழுதினேன். *எனக்குக் காலில் சிறு கீறல் ஏற்பட்டுள்ளது. கைக்குழந்தையோடு சிரமப்பட்டு நீ வர வேண்டாம்.* அப்படி முடித்திருந்தேன்.

எழுதி முடித்த பிறகு கீழே அரை விரல் இடம் மிச்சமிருந்தது. அதில் என் வார்த்தையாக, 'கால் மிகவும் வீங்கியிருக்கிறது, உடனே வரவும்' என்று ஒரு வரி சேர்க்கலாமா என்று தோன்றியது. சேர்த்திருந்தால் அவருக்குத் தெரியப் போவதில்லை. அவர் எதிரே வாசித்துக் காட்டும்போது அந்த வரியை விட்டுவிட்டால் போதும்.

ஆனால் என் கை எழுதவில்லை. எங்கள் அப்பா கைநாட்டுக்காரர். ஒரு வயலை விற்கப் போனவரிடம், சொன்ன வயலோடு சொல்லாத வயலையும் சேர்த்து எழுதி, வேறு மாதிரி வாசித்துக் காட்டி, பெருவிரலைப் பிடித்து வைத்துவிட்டார்கள். அன்று ராத்திரி முழுக்க வீட்டில் யாரும் சாப்பிடவில்லை. அதற்குப் பிறகுதான் என்னைப் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய்ச் சேர்த்தார். எழுதப் படிக்கத் தெரியாத ஒருவர் சொல்லாத சொல்லை அவர் பெயரில் எழுதக் கூடாது என்பது எனக்குச் சாமி மேல் செய்த சத்தியம் மாதிரி. அதிகாரியிடம் ஓடிப்போய்த் திருத்தியது இலாகா விஷயம். இது தகப்பன் மகளுக்குச் சொல்வது. இதில் நான் யார் கைவைக்க?

எழுதியதை முழுவதும் வாசித்துக் காட்டினேன். கவனமாகக் கேட்டார்.

"நல்லா எழுதியிருக்கீக தம்பி. நான் பேசுன மாதிரியே இல்ல. புஸ்தகம் மாதிரி இருக்கு."

பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன். போகிற வழியில் கார்டைப் பெட்டியில் போட்டேன்.

மறுநாள் நான் கொடைரோடு போக வேண்டியிருந்தது. குஞ்சு வர வேண்டிய ரயில் தாமதமாகி, மூன்று நாள் ஸ்டேஷனிலேயே கிடந்தேன். கார்டு போயிருக்கும், என்னதான் எழுதியிருந்தாலும் அவள் வந்திருப்பாள், இந்நேரம் அவரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போயிருப்பாள் என்று நினைத்துக்கொண்டேன். லாரியில் டப்பாக்களோடு அணை முக்கில் வந்து இறங்கியதும் டீக்கடைக்காரர் ஓடி வந்தார்.

"சார், மனுசன் ரெண்டு நாளா எந்திரிக்கலை. நான் போய்க் கூப்பிட்டா, அலுப்பா இருக்கு, நாளைக்குப் பாப்போம்கிறாரு."

"மக வரலையா?"

"வரலையே."

குடிசைக்குள் சுவரோரமாகப் படுக்கிறவர், பாயை வாசலுக்கு இழுத்துப் போட்டு, பாதையைப் பார்த்துத் தலைவைத்துப் படுத்திருந்தார். கால் முழங்கால் வரை கறுத்திருந்தது. தொட்டால் அடுப்புக் கல்லைத் தொட்டது போல் இருந்தது.

"வந்துட்டீகளா? குஞ்சு எம்புட்டுச் செத்துச்சு?"

"அதை விடுங்கண்ணே. மகள் வரலையா?"

"அதுக்கு ஆயிரம் வேலை இருக்கும்" என்றார். பாதையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

டீக்கடைக்காரரும் லாரிக்காரரும் நானுமாக அவரைத் தூக்கி லாரியிலேயே திண்டுக்கல்லுக்குக் கொண்டுபோனோம். போகும் வழியில் இறங்கி மகளுக்குத் தந்தி கொடுத்தேன். ஆஸ்பத்திரியில் டாக்டர் கட்டைப் பிரித்துப் பார்த்துவிட்டு, "எத்தனை நாளாச்சு?" என்றார்.

"ரெண்டு நாளுங்க" என்றார் அவர்.

"எட்டு நாள் சார்" என்றேன் நான்.

டாக்டர் என்னைத்தான் பார்த்தார். "படிச்ச பையன் மாதிரி இருக்கே. பக்கத்துல இருந்து என்னப்பா பண்ணிட்டிருந்தே? நாலு நாளைக்கு முன்னால வந்திருந்தா விரலோட போயிருக்கும். இப்போ விஷம் ரத்தத்துல கலந்திருச்சு. காலை எடுத்தாலும் தாங்குவாரான்னு சொல்ல முடியாது."

அன்று இரவும் மறுநாள் காலையும் உடனிருந்தேன். வார்டில் இருந்த நர்சம்மா குனிந்து, "வலிக்குதா பெரியவரே?" என்று கேட்டார்.

"இருக்குங்க. கொஞ்சம்."

அவருடைய இடது கை கட்டிலின் இரும்புச் சட்டத்தைப் பிடித்திருந்த பிடியை நான் பார்த்தேன். வலி இருக்கிறது என்று அவர் ஒப்புக்கொண்டதை அன்றுதான் முதல்முறையாகக் கேட்டேன். மத்தியானம் ஆவதற்குள் போய்விட்டார்.

தந்தி அவள் ஊருக்குப் போய்ச் சேர்ந்தபோது அன்றைக்குச் சாயங்காலம் ஆகிவிட்டது. மறுநாள் முதல் பஸ்ஸில், இடுப்பில் பிள்ளையோடு வந்து இறங்கினாள். அவளுக்காகத்தான் அடக்கம் செய்யாமல் வைத்திருந்தோம். அவள் அழுததை நான் எழுத மாட்டேன். கோயில் மணி அடித்து, கல்லறைத் தோட்டத்துக்குக் கொண்டுபோய், எல்லாம் முடிந்து ஆட்கள் கலைந்த பிறகு, குடிசை வாசலில் பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நான் சொல்லிக்கொண்டு போகலாம் என்று கிட்டே போனேன். முந்தானை முடிச்சிலிருந்து கார்டை எடுத்தாள்.

"இதை எழுதுனது நீங்கதானே சார்?"

"ஆமாம்மா."

"எனக்குப் படிக்கத் தெரியாது. தபால்காரர்தான் படிச்சாரு. மறுக்காவும் படிக்கச் சொல்லிக் கேட்டேன். எங்கப்பா வாயால சின்னக் கீறல்னு சொல்லியிருந்தா அன்னைக்கே பஸ் ஏறியிருப்பேன். இங்கிட்டுருந்து ஒரு ஆளு வந்து, உங்கப்பா இப்பிடிச் சொன்னாருன்னு சொல்லியிருந்தாலும் ஏறியிருப்பேன். இது எழுத்துல வந்துச்சு. படிச்சவக எழுதியிருக்காக, காலைப் பாத்துத்தானே எழுதியிருப்பாகன்னு நெனச்சேன். எங்க மாமியாரும் அதைத்தான் சொன்னாக."

"அவர் சொன்னதைத்தான்மா எழுதினேன். ஒரு சொல்லுகூட நானாச் சேர்க்கலை."

"என்ன சொன்னாரு? அவரு சொன்ன மாதிரியே சொல்லுங்க."

சொன்னேன். மாடு கன்று போட்டதா என்று கேட்டதை, கீறலைச் சொன்னதை, வர வேணாம் என்றதை. பிறகு மழையையும் கடலையையும் பற்றி. மறுபடி, வர வேணாம் என்று எழுதச் சொன்னதை. பிள்ளைக்குப் பல் முளைத்திருக்கும் என்று சொல்லிவிட்டு அணையைப் பார்த்துக்கொண்டிருந்ததை. அதற்குப் பிறகு, பஸ்ஸில் வருவது சிரமம், வர வேணாம் என்று சொன்னதை.

அவள் தலையை நிமிர்த்தினாள்.

"எங்கப்பா வேணாம்ங்கிறதை ஒரு தடவைக்கு மேல சொல்ல மாட்டாரு சார். ஒரு தடவை சொன்னா நெசமாவே வேணாம்தான். வர வேணாம்னு எத்தனை தடவை சொன்னாரு?"

மனசுக்குள் எண்ணிப் பார்த்தேன்.

"மூணு தடவை."

கார்டை என்னிடம் நீட்டினாள்.

"இதுல எத்தனை தடவை இருக்கு?"

"ஒரு தடவை" என்றேன்.